வால்வு சுருக்கம், வயிற்றில் பெருந்தமனி வீக்கம்: இரண்டும் சேர்ந்து வந்தால் எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி, 2 மார்ச் 2025

என் மாமனாருக்கு 76 வயது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசல்) கடுமையாகச் சுருங்கியிருப்பதாக வந்தது. வால்வுக்காக எடுத்த சி.டி.யில் வயிற்றுப் பெருந்தமனியில் 5.8 செ.மீ. வீக்கம் இருப்பதும் தெரிந்தது. நெஞ்சையும் திறக்க வேண்டாம், வயிற்றையும் திறக்க வேண்டாம், இரண்டையும் தொடை வழியாக ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். இப்போது வால்வை மட்டும் செய்யுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்கிறார் இன்னொருவர். ஒரே நாளில் செய்வதுதானே நல்லது? யார் வீட்டிலாவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பதில், 3 மார்ச், இரவு

என் அப்பாவுக்கு இதே இரண்டும் இருந்தன. 2022இல், அவருடைய 73ஆம் வயதில். ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் வால்வு, இரண்டு மாதம் கழித்து வயிறு. எங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

அப்பா திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். நாற்பது ஆண்டு பீடி பிடித்து, பிறகு விட்டவர். ஒரு நாள் ஒரு பையனின் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்ப்பின் மேலேயே சாய்ந்துவிட்டார். அரை நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, "வெயில்" என்றார். பத்து நாள் கழித்து எடுத்த எக்கோவில் வால்வின் திறப்பு 0.7 சதுர செ.மீ. நல்ல வால்வு 3 முதல் 4 வரை திறக்கும். ஒன்றுக்குக் கீழே போனால் கடுமை என்று கணக்கு. வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு சராசரியாக 52. நாற்பதைத் தாண்டினாலே கடுமை.

வயிற்று வீக்கம் எங்களுக்கும் தற்செயலாகத்தான் தெரிந்தது. தொடை வழியாக வால்வு வைப்பதென்றால் கழுத்திலிருந்து தொடை வரை சி.டி. எடுப்பார்கள், வழி முழுவதையும் பார்க்க வேண்டுமே. அந்தப் படத்தில் தொப்புளுக்குப் பின்னால் 5.9 செ.மீ. பந்து ஒன்று இருந்தது. சாதாரணமாக அந்த இடத்தில் பெருந்தமனி 2 செ.மீ. அகலம்தான்.

பிறகு யோசித்தால் எல்லாம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா மல்லாந்து படுத்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தூங்குவார். அந்தக் கூடு தாளம் போட்டதைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மூச்சுக்கு ஏற்றபடி அல்ல, அதைவிட வேகமாக. நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "வயிற்றில் ஒரு நெஞ்சு துடிக்கிறது, வாயுதான்" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

4 மார்ச், காலை

நேற்று எழுதியதில் தொடக்கமே தவறு. இரவெல்லாம் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. "ஒரே நாளில் செய்யாதீர்கள்" என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்பாவுக்கு இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் அவருடைய சிறுநீரகம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு 1.6 இருந்தது, இயல்பைவிட அதிகம். இரண்டு வேலைக்கும் ரத்தநாளத்தில் சாயம் செலுத்தித்தான் பார்க்க வேண்டும், சி.டி.க்கு ஏற்கெனவே ஒரு முறை செலுத்தியாகிவிட்டது. இரண்டு வேலைக்கான சாயத்தையும் ஒரே நாளில் இறக்கினால் அந்தச் சிறுநீரகம் தாங்காது என்றார்கள். உங்கள் மாமனாருக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தால் இந்தக் காரணம் அடிபட்டுப்போகிறது.

எங்களுக்குச் சொல்லப்பட்ட மற்ற காரணங்களை எழுதுகிறேன். எது உங்களுக்குப் பொருந்தும் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வால்வை ஏன் முதலில் செய்தார்கள்? சுருங்கிய வால்வோடு இருக்கும் இதயம் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் சமாளிக்காது. மயக்க மருந்தோ, கொஞ்சம் ரத்த இழப்போ போதும், அழுத்தம் இறங்கிவிடும். இறங்கியதை மேலே கொண்டுவருவது அரும்பாடு. வால்வு சரியானால் அடுத்த வேலைக்கு உடம்பு தயாராகிறது.

அப்படியானால் வயிற்றை ஏன் நெடுநாள் விட்டுவைக்கக் கூடாது? அடைத்த வாயில் திறந்ததும் இதயம் பலமாக ரத்தத்தைத் தள்ளும். மேல் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே மெலிந்திருக்கும் வயிற்றுப் பெருந்தமனியின் சுவரில் அந்த அழுத்தம் விழும். ஆகவே வால்வு முடிந்த கையோடு ஊருக்குப் போய் ஆறு மாதம் மறந்துவிடலாம் என்பது கிடையாது. அப்பாவுக்கு இடைவெளியில் அழுத்த மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதச் சொன்னார்கள்.

ஒரே நாளில் செய்தால் என்ன லாபம் என்பதும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து ஒரு முறை, தொடையில் துளை ஒரு முறை, நடுவில் வெடிக்குமோ என்ற பயம் இல்லை. இப்படிச் சேர்த்துச் செய்து நன்றாக இருப்பவர்களும் உண்டு.

வயிற்றிலோ முதுகிலோ வலி வந்துவிட்டால் இந்த வரிசை முழுவதும் தலைகீழாகிவிடும். வலி என்றால் சுவர் கிழியத் தொடங்கியிருக்கலாம். அப்போது வயிறுதான் முதலில்.

4 மார்ச், மதியம்

ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். இதய மருத்துவரும் ரத்தநாள அறுவை மருத்துவரும் ஒரே அறையில் உட்கார்ந்து உங்கள் மாமனாரின் படத்தைச் சேர்ந்து பார்த்தார்களா? இதைக் கேளுங்கள். எங்களுக்கு முதலில் அப்படி நடக்கவில்லை. நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் ஒருவர் இரண்டாம் மாடி, மற்றவர் ஐந்தாம் மாடி. இரண்டாம் மாடியில் "வால்வு முதலில்" என்றார்கள், ஐந்தாம் மாடியில் "வயிறு முதலில்" என்றார்கள். கோப்பைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்டில் ஏறி இறங்கியது நாங்கள். முன்பணம் கட்டச் சொல்லித் தொலைபேசியில் அழைப்பு வந்தது, ஆனால் எதற்கு முன்பணம் என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்து கிளம்பிவிட்டோம். பிறகு சென்னையில் பார்த்த இடத்தில் இருவரும் ஒரே திரைக்கு முன் நின்று எங்களோடு நாற்பது நிமிடம் பேசினார்கள். அன்றைக்குத்தான் அம்மா சாப்பிட்டாள்.

7 மார்ச்

"தொடை வழியாகத்தானே, இதில் என்ன பெரிய ஆபத்து" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தத் தொடைதான் பல வீடுகளில் முடிவை எழுதுகிறது.

வால்வை மடக்கி உள்ளே கொண்டுபோகும் உறைக்குழாய் நுழைய, தொடையிலிருந்து இடுப்பு வரை தமனி ஏறத்தாழ 5 முதல் 5.5 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். வீக்கத்தைத் தொடாமல் ரத்தம் போக வயிற்றுப் பெருந்தமனிக்குள் வைக்கும் குழாய்க்கு இன்னும் பெரிய உறை. 18 ஃபிரெஞ்சு என்பார்கள். ஒரு ஃபிரெஞ்சு என்பது மூன்றில் ஒரு மி.மீ., ஆக 6 மி.மீ. இதே தமனி சுண்ணாம்பு படிந்து, பாம்புபோல வளைந்து இருந்தால் உறை அதைக் கிழிக்கலாம். போதாததற்கு, வீக்கத்தின் உட்சுவரில் பழைய ரத்தக்கட்டி அப்பியிருக்கும். வால்வு அதைக் கடந்துதான் மேலே போகிறது. உரசி ஒரு துணுக்கு பெயர்ந்தால் அது காலுக்கோ சிறுநீரகத்துக்கோ போய் அடைக்கும்.

இந்த முறையில் முதன்முதலில் வால்வு பெற்ற மனிதரின் கதை இதை எனக்குப் புரியவைத்தது. 2002 ஏப்ரல் 16, பிரான்சின் ரூவான் நகரம், ஆலன் கிரிபியே என்ற இதய மருத்துவர். நோயாளிக்கு வயது 57. இதயம் கைவிடும் நிலை, அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்று மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். அவருக்குக் கால் தமனிகளும் கெட்டுப்போயிருந்தன. ஆகவே கிரிபியே தமனியை விட்டுவிட்டுச் சிரை வழியாக மேலே போய், இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து வால்வை வைத்தார். வால்வு வேலை செய்தது. ஆனால் காலின் ரத்த ஓட்டம் மோசமாகி, காலை எடுக்க வேண்டிவந்து, புண் ஆறாமல் 17 வாரத்தில் அவர் இறந்துபோனார். உலகின் முதல் நோயாளியே வால்வும் ரத்தநாளமும் சேர்ந்து கெட்டவர்! இதயத்தைச் சரிசெய்தும் கால் விடவில்லை. அப்பாவின் சி.டி. படத்தை இதய மருத்துவர் இடுப்பிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கத் தொடங்கியபோது எனக்கு ஏனென்று தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

கிரிபியேக்கு முன்னால் 1989இல் டென்மார்க்கில் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் பன்றிகளுக்கு இப்படி வால்வு வைத்துப் பார்த்திருந்தார். வயிற்றுப் பக்கம் தனிக் கதை. 1990 செப்டம்பரில் புவெனஸ் ஐரிசில் குவான் பரோடி, டேக்ரான் துணிக் குழாயை ஸ்டென்ட் என்ற கம்பி வலையில் தைத்துத் தொடை வழியாக ஏற்றினார். அதற்கும் முன்பே, 1987இல், கார்கிவ் நகரில் நிகோலாய் வோலோடோஸ் நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனியில் இதைச் செய்துவிட்டார். சோவியத் நாட்டுக்குள் நடந்ததால் வெளியுலகம் தாமதமாகத்தான் அறிந்தது.

பரோடி செய்ததை அப்பாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் படம் போட்டுக் காட்டியதும் அவரே சொன்னார்: "டயர் ஓரிடத்தில் தேய்ந்து டியூப் பிதுங்கினால் நான் என்ன செய்வேன்? உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து, அதன் மேல் டியூபைப் போட்டுக் காற்றடிப்பேன். பிதுக்கம் அப்படியேதான் இருக்கும், காற்று அங்கே போகாது." மருத்துவர் அந்த உவமையை அன்று மாலையே வேறொரு குடும்பத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை.

9 மார்ச்

தம்பிக்கு 44 வயது, பிறவியிலேயே வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு, இதயத்திலிருந்து மேலே எழும் பெருந்தமனி 5.2 செ.மீ., "இதையும் தொடை வழியாகச் செய்யலாமா" என்று கேட்ட சகோதரிக்கு.

இது வேறு நோய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் வால்வும் பெருந்தமனியும் இருப்பதால் எங்கள் கதையோடு சேர்த்துவிடாதீர்கள். இரண்டு இதழ் வால்வு நூற்றில் ஒருவர் இருவருக்கு இருக்கிறது. அவர்களில் பலருக்கு மேலெழும் பெருந்தமனியும் விரிகிறது. தொடை வழியாக வைக்கும் வால்வு அந்த விரிவை ஒன்றும் செய்யாது. அந்த இடத்தில் உள்ளே குழாய் வைப்பதும் எளிதல்ல. இதயத்துக்கு ரத்தம் தரும் நாளங்கள் அங்கேதான் புறப்படுகின்றன. அடைத்துவிட முடியாது.

5.5 செ.மீ. வந்தால் அறுவை, வேறு ஆபத்துக் காரணங்கள் இருந்தால் 5.0இலேயே, வால்வுக்காக எப்படியும் திறக்கப் போகிறார்கள் என்றால் 4.5இலேயே அதையும் மாற்றிவிடலாம் என்பது பொதுவான கணக்கு. வால்வையும் பெருந்தமனியின் அடிப்பகுதியையும் ஒன்றாக மாற்றும் அறுவைக்கு பெண்டால் என்று பெயர், 1968 முதல் நடக்கிறது. 44 வயதில் அது கைகண்ட சிகிச்சை. வெட்டைச் சிறிதாக்க வேண்டுமென்றால், மார்பெலும்பின் மேல்பாதியை மட்டும் திறந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். தம்பிக்குக் கேட்க வேண்டியது அதுதான்.

உலோக வால்வு என்றால் வாழ்நாள் முழுவதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும். நம் பக்கத்தில் பலருக்கு வைத்திருப்பது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு. தம்பியின் உடன்பிறந்தவர்கள் நீங்களும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள், இது குடும்பத்தில் ஓடும்.

10 மார்ச்

அம்மாவுக்கு வயிற்றில் 5.2 செ.மீ. வீக்கம் இருக்கிறது, 5.5 வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டவருக்கு: 5.5 ஆண்களுக்கான கணக்கு. பெண்களுக்கு 5.0. அவர்களுடைய பெருந்தமனி இயல்பிலேயே ஒல்லி, குறைந்த அளவிலேயே வெடிக்கிறது. காத்திருக்காமல் ரத்தநாள மருத்துவரைப் பாருங்கள். பெண்களுக்கு இடுப்புத் தமனியும் ஒல்லி என்பதால் வழி கிடைப்பதும் சில நேரம் சிரமம்.

15 மார்ச்

அப்பாவுக்கு வால்வு வைத்த நாளைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

2022 நவம்பர். முதலில் பல். ஆமாம், பல் மருத்துவரிடம்தான் அனுப்பினார்கள். கெட்டுப்போன இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய பிறகே தேதி கொடுத்தார்கள். வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே உலை. வால்வு வைத்த பிறகும் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும், அதைச் சீட்டில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம்.

முந்தின நாள் மாதிரி வால்வு ஒன்றை அப்பாவின் கையில் கொடுத்தார்கள். சின்னக் கம்பி வலை, உள்ளே மாட்டின் இதய உறையில் தைத்த மூன்று இதழ்கள், காய்ந்த வெங்காயத் தோல் போல. அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, தையலை எண்ணுவதைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நம்முடைய வால்வு டியூப் காய்ந்துபோனால் இரண்டு ரூபாய்க்கு மாற்றிவிடுவேன்" என்றார். இங்கே வால்வுக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். வடமதுரைப் பக்கம் இருந்த இடத்தை விற்றோம். காப்பீடு ஒரு பகுதிதான் கொடுத்தது, அதையும் மூன்று கடிதம் எழுதி வாங்கினோம். இப்போது குஜராத்தின் வாப்பியில் செய்யப்படும் மைவால் என்ற வால்வும் இருக்கிறது; வெளிநாட்டு வால்வுகளுக்கு அது சளைத்ததல்ல என்று 2024இல் ஆய்வு முடிவு வந்தது. கேட்டுப் பாருங்கள்.

வால்வை விரிக்கும் நொடிகளில் இதயத்தை நிமிடத்துக்கு 180, 200 என்று வேண்டுமென்றே துடிக்க வைப்பார்கள். அவ்வளவு வேகத்தில் அது ரத்தத்தைத் தள்ளாது, வெறுமனே நடுங்கும். அந்த அமைதியில் பலூனை ஊதி வால்வைப் பதிப்பார்கள். இதைப் பிறகு திரையில் காட்டினார்கள். அழுத்தக் கோடு சட்டென்று படுத்து, பலூன் சுருங்கியதும் மளமளவென்று எழுந்தது. எத்தனை நொடி என்று நான் எண்ணவில்லை. மூச்சை விட மறந்திருந்தேன்.

வெளியே வந்தபோது இடது பக்கத் தொடையில் ஒரு சிறு துளை, வலது பக்கத்தில் உள்ளங்கையில் பாதி அளவு பஞ்சுக் கட்டு. வலது காலை மடக்காமல் ஆறு மணி நேரம் படுக்க வேண்டும். எல்லாம் முடிந்து, அப்பாவுக்கு அதுதான் பெரும்பாடு. நான் அவர் முழங்காலில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வால்வுக்குப் பக்கத்திலேயே இதயத்தின் மின்கம்பி ஓடுகிறது. வால்வு அதை அழுத்தினால் துடிப்பு குறையும், பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். இரண்டு இரவு கழுத்தில் தற்காலிகக் கம்பியோடு வைத்துப் பார்த்து, தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் வீடு.

வயிறு 2023 ஜனவரியில். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, இரண்டு தொடையிலும் துளை, கால்சட்டை போல இரண்டு கால் பிரியும் குழாய், மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள்.

16 மார்ச்

மறப்பதற்கு முன் ஒன்று. பெருந்தமனி வீக்கம் இருப்பவர்களுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், வேறு வழியில்லை என்று மருத்துவர் சொன்னாலொழிய. அந்த வகை மருந்து சுவர் கிழியும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக்கடையில் கேட்காமலே எடுத்துத் தருகிறார்கள். அப்பாவின் மாத்திரை டப்பாவில் பாதி அட்டை கிடந்தது. எடுத்து எறிந்துவிட்டேன்.

22 மார்ச்

"தொடை வழியாகச் செய்வது என்றால் செய்து முடித்தாயிற்று, நிம்மதி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வால்வைப் பற்றி என்றால் பெரும்பாலும் சரி. 2010இல் வந்த முதல் பெரிய ஆய்வில், அறுவை செய்ய முடியாத 358 பேரில், வழக்கமான சிகிச்சையோடு விட்டவர்களில் ஓராண்டில் 50.7 சதவீதம் இறந்தார்கள், தொடை வழியாக வால்வு வைத்தவர்களில் 30.7 சதவீதம். இருபது சதவீதம் வித்தியாசம் என்பது ஐந்து வீட்டுக்கு ஒரு ஆள்.

வயிறு அப்படி இல்லை. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், முதல் 30 நாளில் வயிற்றைத் திறந்தவர்களில் 4.7 சதவீதம் இறந்தார்கள், உள்ளே குழாய் வைத்தவர்களில் 1.7 சதவீதம்தான். ஆனால் அதே ஆட்களைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, எட்டாண்டுக்குப் பிறகு குழாய் வைத்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். குழாய்க்கு வெளியே மிஞ்சிய பழைய பை, அதாவது வீங்கிய பகுதி, மறுபடி பெருத்து வெடித்தது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஆண்டுதோறும் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும், வாழ்நாள் முழுவதும்.

இதை எழுதிவிட்டு, அப்பாவின் தேதிகளையும் சேர்த்து எழுதலாம் என்று கோப்பை எடுத்தேன். 2023 பிப்ரவரி. 2024 ஜனவரி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்த ஜனவரியில் எடுத்திருக்க வேண்டும். அப்பா நன்றாக இருக்கிறார், கடைக்குப் போகிறார், பேத்தியைப் பள்ளியில் விடுகிறார். பொங்கலுக்கு அண்ணன் வந்து போன கலகலப்பில் எங்கள் எல்லோருக்கும் மறந்துவிட்டது. உங்கள் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை மாதம் மறந்திருப்போமோ.

இன்னொன்றும் அதே கோப்பில் கிடைத்தது. 2016இல் சிறுநீரகக் கல்லுக்காக ஒரு ஸ்கேன் நிலையத்தில் எடுத்த வயிற்று ஸ்கேனின் அறிக்கை. பழுப்பு உறை, கல்லின் அளவைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஐந்தாவது வரியில் சின்ன எழுத்தில்: பெருந்தமனி 3.9 செ.மீ., விரிந்துள்ளது. மூன்று செ.மீ. தாண்டினாலே வீக்கம் என்றுதான் பெயர். ஒருவரும் சொல்லவில்லை. பார்த்த மருத்துவர் கல்லைப் பார்த்தார், மருந்து எழுதினார். ஆறாண்டு அந்த வரி பீரோ மேல் கிடந்திருக்கிறது. எனக்குக் கோபம் அடங்க நேரமாகும். உங்கள் வீட்டில் பழைய ஸ்கேன் அறிக்கை இருந்தால் எடுத்துக் கடைசி வரி வரை படியுங்கள்.

5 ஏப்ரல்

ஸ்கேன் எடுத்தாயிற்று. 2024இல் பை 5.7 ஆகக் குறைந்திருந்தது. இப்போது 6.3.

சாயம் குறைவாகச் செலுத்தி சி.டி. எடுத்தார்கள். குழாய் நகரவில்லை, இரண்டு முனையும் கெட்டியாக இருக்கின்றன. பைக்குள் ரத்தம் கசிவது பின்பக்கத்திலிருந்து. பெருந்தமனியிலிருந்து முதுகுப் பக்கம் போகும் சிறு கிளைகள் முன்பு அதிலிருந்து ரத்தம் வாங்கிக்கொண்டிருந்தவை. உள்ளே குழாய் வந்து அந்த வாயை மூடியதும், வேறு வழியில் கிடைக்கும் ரத்தத்தை அவை பின்னோக்கி இந்தப் பைக்குள் விடுகின்றன. இது பலருக்கும் உண்டு, பை பெருக்காதவரை தொட மாட்டார்கள். அப்பாவுக்குப் பெருத்துவிட்டது.

அவரிடம் எப்படிச் சொல்வதென்று அம்மாவும் நானும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் காதில் விழுந்திருக்கிறது. "மெதுவாக இறங்குகிற பஞ்சர். தண்ணீரில் முக்கிப் பார்த்தால்தான் குமிழி தெரியும்" என்றார் திண்ணையிலிருந்து.

19 ஏப்ரல்

முடிந்தது. தொடை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, இடுப்புப் பக்கத்துச் சிறு நாளத்தில் சுற்றிப் போய், கசியும் கிளைக்குள் உலோகச் சுருள்களை வைத்து அடைத்தார்கள். இரண்டரை மணி நேரம். கிரியாட்டினின் 1.7இல் நின்றது, மூன்றாம் நாள் 1.6க்கு இறங்கியது. வால்வு நன்றாக வேலை செய்கிறது, அழுத்த வேறுபாடு 9. அடுத்த ஸ்கேன் அக்டோபரில்.

ஒரு திருத்தம். 3 மார்ச் அன்று "இரண்டு மாதம் கழித்து வயிறு" என்று எழுதியபோது அதோடு கதை முடிந்ததைப் போன்ற தொனி வந்துவிட்டது. அதை நம்பி யாராவது முடிவெடுத்திருந்தால், தயவுசெய்து 22 மார்ச் குறிப்பையும் படியுங்கள். ஸ்கேனுக்கு ஒழுங்காக வர முடியாத ஊரில், வர முடியாத சூழலில் இருப்பவர், உடம்பில் பலம் இருந்தால் வயிற்றைத் திறந்து செய்வதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் அப்பாவுக்கு 2022இல் அந்த இதயத்தோடு அது முடியாது. உங்கள் வீட்டில் முடியலாம்.

4 மே

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இரண்டு மருத்துவர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டார். சிறுநீரகம் நன்றாக இருந்தும் பிரித்துத்தான் செய்கிறார்கள். காரணம் எங்களுக்குச் சொன்னதல்ல: மாமனாரின் வலது இடுப்புத் தமனி மிகவும் வளைந்திருக்கிறது, அதில் ஒரே நாளில் இரண்டு பெரிய உறைகளை ஏற்றி இறக்க அவர்கள் விரும்பவில்லை. வால்வு ஏப்ரல் 24 அன்று இடது பக்கமாக வைத்தாயிற்று. நேற்று நிற்காமல் மாடிப்படி ஏறியிருக்கிறார். வயிறு இந்த மாதக் கடைசியில். அழுத்தத்தை நோட்டில் எழுதுகிறீர்களா?

இங்கே இன்னொரு செய்தி. இந்த வீக்கமும் குடும்பத்தில் ஓடுகிறது, அப்பாவின் உடன்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் 2022லேயே சொன்னார். சித்தப்பாவைக் கூட்டிப்போக இப்போதுதான் முடிந்தது. அவருக்கு 68 வயது, இன்னும் பீடி. வயிற்று ஸ்கேன், சாயம் இல்லை, ஊசி இல்லை, பத்து நிமிடம். 3.4 செ.மீ. ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும் என்றார்கள், பீடியை இன்றே நிறுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் சட்டைப்பையிலிருந்த கட்டை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா அதை வாங்கி ஸ்கேன் நிலையத்தின் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அறிக்கையைப் பிரித்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.